பட்டறையில் பிறந்த சக்கரம்

கால் ஒத்துழைக்காதவர்கள் ஓட்டும் ஸ்கூட்டரை வேலூர், ஆம்பூர்ப் பக்கம் மூணு சக்கர வண்டி என்றுதான் சொல்வார்கள். குனிந்து எண்ணினால் நாலு இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அந்தப் பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று. முதல் இரண்டும் ஆலையில் பிறந்தவை. அவற்றுக்குக் கம்பெனிப் பெயர் உண்டு, மாடல் உண்டு, சேஸிஸ் நம்பர் உண்டு. மற்ற இரண்டும் ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில் பிறந்தவை. எந்த வருஷம், யார் கையால் என்று எங்கும் எழுதி வைத்திருக்காது. ஆனால் ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டும் இல்லையென்றால் ஆலை தந்த இரண்டும் காயலான் கடைக்குத்தான். இது அந்தப் பக்கச் சக்கரங்களின் கதை.

பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தப் பட்டையில் காலையில் எல்லோரும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றி வருகின்றன. தோல் ஷாப்புகளுக்கு ஆள் போகிறது, மண்டிக்குத் தோல் போகிறது. வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கிற பெண்களுக்கு அப்பர் எனும் ஷூ மேல்பாகக் கட்டுகள் போய், தைத்து முடிந்து திரும்பி வருகின்றன. இங்கே பிழைப்பு என்பது பாதி நேரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்வதுதான். கால் ஒத்துழைக்காதவர் இந்த ஓட்டத்துக்கு வெளியே நின்றுவிட வேண்டியதுதான் என்ற நிலை ரொம்ப காலம் இருந்தது. பஸ்ஸின் படிக்கட்டே அவருக்கு முதல் சுவர்.

கால் இழந்தவர்களைப் பற்றி யோசிக்க இந்தியாவில் ஓர் ஊர் இருந்ததென்றால் அது வேலூர்தான். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில், 1946இல் வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அவரிடம் வேலை கற்றவர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் முறிந்தவர்களை மாதக்கணக்கில் தங்கவைத்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதிலிருந்து தொழில் கற்பதுவரை பழக்கும் இடம் அது. மேரி வர்கீஸுக்கு 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாகாயம் ஒருவரை எழுப்பி உட்காரவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். வீட்டு வாசலுக்கு அப்பால் என்ன செய்வது? அங்கேதான் சக்கரத்தின் கதை தொடங்குகிறது.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி பழைய யோசனை. 1655 வாக்கில் ஜெர்மனியில், நியூரம்பர்க் பக்கத்து ஆல்ட்டோர்ஃபில், ஸ்டீஃபன் ஃபார்ஃப்லர் என்ற கால் முடமான கடிகாரக்காரர் தனக்காகவே ஒன்று செய்துகொண்டார். முன்சக்கரத்தைக் கைப்பிடியால் சுற்றினால் வண்டி நகரும். முந்நூறு வருஷம் கழித்து நம் ஊருக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதேதான். மத்திய அரசு 1972இல் கான்பூரில் ஆலிம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே செய்த கைவண்டிகள் ஊர் ஊராக முகாம்களில் வழங்கப்பட்டன. ஒரு கையால் பெடலைச் சுற்ற வேண்டும், இன்னொரு கையால் திருப்ப வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வரச் சரி. பாலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வெயிலில் சுற்றிப் பார்த்தவருக்குத்தான் தெரியும் அந்தத் தோள்பட்டை வலி. கால் செய்யவேண்டிய வேலையை ஆயுசு முழுக்கத் தோளிடம் கொடுத்தால் ஒருநாள் தோளும் போய்விடும். அப்புறம் ஊன்றுகோலைப் பிடிக்கவும் கை இருக்காது.

எஞ்சின் வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்திருக்கும். ஆனால் மோட்டார் சைக்கிள் காலுக்காகச் செய்யப்பட்ட வண்டி. உதைத்துக் கிளப்புவது கால். கியர் மாற்றுவது கால். பின்பிரேக் பிடிப்பது கால். சிக்னலில் நின்றால் சாயாமல் தாங்குவதும் கால். பக்கத்தில் சக்கரம் பொருத்தினால் தீர்வது கடைசிப் பிரச்சினை மட்டும்தான். பஜாஜ் சேத்தக்கில் கியர் இடது கைக்கு வந்துவிட்டது, ஆனால் பின்பிரேக்கும் கிக்கரும் காலிடமே இருந்தன. பட்டறைக்காரர்கள் பிரேக் மிதியிலிருந்து ஒரு கம்பியை மேலே இழுத்துக் கைக்குக் கொண்டுவந்தார்கள். கிளப்புவதற்கு மட்டும் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட வேண்டும். “தம்பி, ஒரு உதை உதைச்சிட்டுப் போப்பா” என்று கேட்டுத் தொடங்குகிற பயணம் எப்படி இருந்தாலும் பாதி சுதந்திரம்தான்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். கிளப்ப மட்டும் பெடல் மிதிக்க வேண்டும். 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தது. அதில் பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்பியது, கியரும் இல்லை. விளம்பரங்கள் அதைப் புடவை கட்டிய பெண்களுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும் விற்றன. இளம்பிள்ளைவாதத்தில் இரு கால்களும் சூம்பிய ஒருவர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்பதை யாரும் விளம்பரத்தில் எழுதவில்லை. காலுக்கென்று இருந்த மூன்று வேலைகள் ஒரே மாடலில் கைக்கு வந்துவிட்டன. மிச்சம் இருந்தது சாயாமல் நிற்பது ஒன்றுதான். அதைப் பட்டறை பார்த்துக்கொள்ளும். பின்னால் ஸ்கூட்டி, ஆக்டிவா என்று வரிசையாக வந்தபோது அந்த வேலை ஊரறிந்த தொழிலாகிவிட்டது.

இந்த வண்டியின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். இவருக்காக என்று எந்த ஸ்கூட்டர் ஆலையும் பெரிதாக எதையும் செய்யவில்லை. வேறு யாருடைய வசதிக்கோ செய்தது தற்செயலாக இவருக்குப் பொருந்தியது. பொருந்தாத மிச்சத்தைப் பட்டறை வெல்டு வைத்துச் சரிசெய்தது.

சரி, மூன்று போதுமே, ஏன் நாலு? இதற்கான பதில் ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட், பின்சக்கரம் மூன்றும் ஒரே உறுப்பு. பள்ளத்தில் விழுந்தால் மூன்றும் சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரம் கோத்த அச்சை வைப்பதென்றால், விசையை அச்சுக்குக் கடத்த வேண்டும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் வேண்டும். ஆட்டோவுக்கு அது உண்டு. ஸ்கூட்டருக்கு அதைச் செய்ய உட்கார்ந்தால் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே ஓடுகிற சக்கரத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, இரு பக்கமும் சும்மா உருளும் சக்கரங்களைப் பொருத்தினார்கள். எஞ்சினியரிங் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத விடை. ஆனால் இதைவிட மலிவான விடை இருப்பதாகத் தெரியவில்லை.

பொருத்தும் வேலையைப் பார்ப்போம். முதலில் பின்பக்க பிளாஸ்டிக் பாடியைக் கழற்றுவார்கள். சேஸிஸ் பைப்பின் குறுக்கே கனமான இரும்பு பைப்பால் ஒரு ஃபிரேம் வரும். நல்ல பட்டறை என்றால் கிளாம்ப்பும் போல்ட்டும். அவசரப் பட்டறை என்றால் சேஸிஸிலேயே நேராக வெல்டு. (வெல்டு வைத்த இடத்தில் சூடுபட்ட பைப் பலவீனமாகும். இரண்டு மழைக்காலம் போனால் துருவும் அங்கேதான் ஏறும்.) ஃபிரேமின் இரு முனையிலும் தனித்தனிக் கை, அதில் ஷாக் அப்சார்பர், அதன் அடியில் பேரிங்கோடு சக்கரம். பெரும்பாலும் பத்து அங்குல ரிம். ஸ்கூட்டரின் டயரே இதற்கும் ஆகும் என்பதால் ஸ்டெப்னி ஒன்று போதும். உதிரி பாகங்கள் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்தோ புதுப்பேட்டையிலிருந்தோ வரும். மேலே மட்கார்டு, ஓரத்தில் ஊன்றுகோல் சொருக ஒரு வளையம், சிலருக்குப் பின்னால் சக்கர நாற்காலியை மடித்து வைக்க ஒரு கேரியர். கடைசியில் பெயிண்ட். வண்டி சிவப்பு என்றாலும் ஃபிரேம் பெரும்பாலும் கறுப்பு.

ஷாக் அப்சார்பர் எதற்கு என்று கேட்பவர் செலவைக் குறைக்க நினைப்பவர். அது இல்லாமல் பக்கச் சக்கரங்களை இறுக்கிக் கட்டிவிட்டால் நடப்பது இது: சாலையின் நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் மேடு. பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்கும். நடுவில் இருக்கும் பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். எஞ்சினை முறுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இறங்கித் தள்ள முடியாதவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே பக்கச் சக்கரங்கள் தரையைத் தொட வேண்டும், ஆனால் வண்டியைத் தூக்கிவிடக் கூடாது. அந்த அளவை ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் வைக்கிறார்கள். ஆளை உட்காரவைத்துப் பார்த்துத்தான் முடிவாகும். ஐம்பது கிலோ ஆளுக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் ஒரே அளவு ஆகாது. தையற்காரரிடம் சட்டை தைப்பதுபோல, உடம்பைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வாங்க வேண்டும்.

ஓட்டிப் பழகுவது தனிக் கதை. முன்பு இரு சக்கர வண்டி ஓட்டி, விபத்தில் கால் போன பிறகு இதற்கு வருபவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். இரு சக்கர வண்டி திருப்பத்தில் உள்பக்கம் சாயும். உடம்பு அதைத் தானாகச் செய்யப் பழகியிருக்கும். வேகத்தில் திரும்பும்போது ஹேண்டில்பாரை ஒரு நொடி எதிர்ப்பக்கம் அழுத்துகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கே தெரியாது. பக்கச் சக்கரம் வந்தபின் அதே பழக்கத்தில் கை போனால் வண்டி எதிர்ப்பக்கமே போகும். சாயாத வண்டியை ஆட்டோ போல ஒடித்துத் திருப்ப வேண்டும். அப்போது எடை வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கும். கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நடுவிலிருந்து பக்கச் சக்கரத்துக்கு 40 சென்டிமீட்டர், வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்று வைப்போம். புவியீர்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு விசை பக்கவாட்டில் வந்தால் கவிழும். 10 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் 30 கிலோமீட்டர் வேகம் போனால் அந்த அளவைத் தொட்டுவிடும். 20 கிலோமீட்டரில் போனால் பாதிகூட வராது. ஸ்பிரிங் அமுங்குவதையும், முன்னால் ஒரே சக்கரம் என்பதையும் சேர்த்தால் நிஜத்தில் இன்னும் சீக்கிரமே கவிழும். அகலத்தைக் கூட்டினால் எளிதில் கவிழாது, ஆனால் தெருவில் நுழையாது. பழைய பஜார்ச் சந்துகளில் ஓட்ட வேண்டியவர் அகலத்தைக் குறைத்து வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார். நெடுஞ்சாலையில் போகிறவர் அகலமாகக் கேட்கிறார்.

இன்னொன்று, இதை ஓட்டாதவர்களுக்குத் தோன்றாது. இரு சக்கர வண்டிக்காரர் குழிகளுக்கு நடுவில் ஒரு கோடு கண்டுபிடித்து வளைந்து போய்விடுவார். இந்த வண்டி தரையில் மூன்று கோடு போடுகிறது. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று குழியில் இறங்கும். நம் தெருச் சாலைகளின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான கருவி கிடையாது.

பின்னால் எடுப்பது அடுத்த சங்கடம். ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கிடையாது, காலால் உந்துவதுதான் வழக்கம். கால் உந்தாதவர் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே கிளம்புவதை யோசித்துவிட வேண்டும். மூக்கு வெளியே பார்த்திருக்க வேண்டும், அல்லது தரை பின்னோக்கிச் சரிந்திருக்க வேண்டும். முன்னால் வேறு யாராவது ஒரு பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டால், அவர் வரும்வரை இவரும் ஆம்பூர்வாசிதான்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், பிறவியிலேயே உடல் செயலிழந்த தன் ஒன்றுவிட்ட சகோதரர் டெர்ரி பிரெஸ்டன் காப் என்பவரின் நாற்காலிக்கு ஓர் எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தார். அது வளர்ந்து இன்வாகார் என்ற மூன்று சக்கர வண்டியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசே அதை வாங்கி, வெளிர் நீல வண்ணத்தில், தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. கிரீவ்ஸ் பிறகு பந்தய மோட்டார் சைக்கிள்கள் செய்து பெயர் வாங்கினார். நாற்காலியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் போன பயணம் அது, நம்முடையதற்கு நேர் எதிர். ஆனால் இன்வாகாரில் ஒரே சீட். கணவன் நீல வண்டியில் போனால் மனைவியும் குழந்தையும் பஸ்ஸில் போக வேண்டும். காற்றடித்தால் ஆடுகிறது, எளிதில் தீப்பிடிக்கிறது என்றும் புகார்கள். 2003இல் அதைச் சாலையிலிருந்தே விலக்கிவிட்டார்கள். அரசு பணம் போட்டு, ஆலை கட்டி, பொறியாளர் வைத்துச் செய்த வண்டியில் இல்லாத ஒரு வசதி நம் வெல்டிங் பட்டறை வண்டியில் இருக்கிறது. பின்சீட் இருக்கிறது. மனைவி உட்காரலாம், பள்ளிக்குப் போகிற பிள்ளை உட்காரலாம், அப்பர் மூட்டை உட்காரலாம். ஏற்றிக்கொண்டு போகப்படுகிறவராக இருந்தவர் ஏற்றிக்கொண்டு போகிறவராகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் நீல வண்டியைவிடக் கறுப்பு ஃபிரேமுக்கு அதிக மதிப்பெண் போடுவேன்.

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 2009 மாடலாக டிரை கிளைடு என்று ஆலையிலேயே கட்டிய மூன்று சக்கர வண்டியை விட்டது. முழங்கால் தேய்ந்தும் மோட்டார் சைக்கிளை விட மனமில்லாத பெரியவர்கள் வாங்குகிறார்கள். அங்கே அது ஓய்வுக்கால இன்பம்.

நம் ஊரில் சட்டம் என்ன சொன்னது? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான வாகனம் என்று ஒரு வகை இருந்தது. அது அவர்களுக்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அப்படி ஆலையில் கட்டிய ஸ்கூட்டரைத் தேடி அலைந்தாலும் கிடைப்பது அரிது. சாலையில் ஓடியதெல்லாம் மாற்றியமைத்ததுதான். ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் அதே வகையில்தான் இவற்றைப் பதிந்து கொடுத்தன. பதியாமலே ஓடியவையும் ஏராளம். இதில் வேடிக்கை, தமிழக அரசே இரு கால்களும் பாதிக்கப்பட்டுக் கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்ற பெயரில் இந்த வண்டியை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. கலெக்டர் அலுவலக மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, சாவி கொடுத்துப் படம் எடுத்தார்கள். சட்டப் புத்தகத்தின் கண்ணில் படாத வண்டி செய்தித்தாளில் வண்ணப்படமாக வந்தது.

2019 இதற்கு விசேஷமான வருஷம். ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில், தயாரிப்பாளர் சொன்ன வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இறுக்கிச் சொன்னது. வீல் அகலம், சைலன்சர் சத்தம் என்று வண்டியை அலங்கரிக்கிறவர்களுக்கு அது கசப்பு. அதைப் படித்த பக்கச் சக்கரக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். ஆகஸ்டில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்தது. பழைய வகையை எடுத்துவிட்டு, குறைபாடு உள்ளவருக்காக மாற்றியமைத்த வண்டியும் வண்டிதான் என்று புதிதாக எழுதினார்கள். 52ஆம் பிரிவில் இன்னும் தாராளம்: சொந்த வண்டியை முதலில் மாற்றிக்கொள்ளலாம், பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பிறகு வாங்கலாம், நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால் போதும். பட்டறைகள் அதுவரை செய்துகொண்டிருந்த வரிசை அதுவேதான். முதலில் வெல்டு, பிறகு காகிதம்.

அதே வருஷம் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இலவச ஸ்கூட்டருக்கு மனுக் கொடுக்க வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது திருப்பத்தூருக்குப் போகிறார். வண்டி கிடைப்பதற்கு முன் இத்தனை தூரம் எப்படிப் போவது என்ற கேள்விக்கு மட்டும் எந்த அரசாணையும் பதில் சொன்னதில்லை.

பக்கச் சக்கரத்தைப் பெற்றெடுத்த நோயான இளம்பிள்ளைவாதம் இப்போது ஊரில் இல்லை. அதிலும் வேலூருக்குப் பங்கு உண்டு. சொட்டு மருந்து மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதாது என்று 1970களிலேயே சொன்னவர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான். ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கும் முறையை 1980களில் வேலூர் நகரத்தில் செய்து காட்டினார். 1995இலிருந்து நாடு முழுக்க அப்படிக் கொடுத்தார்கள். இயற்கையாகப் பரவும் வைரஸால் இந்தியாவில் கடைசியாக இளம்பிள்ளைவாதம் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஆகவே இன்று சைடு வீல் வண்டியில் நரைத்த தலையோடு போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துக் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் அந்த வரிசை இல்லை.

ஆனால் பட்டறையில் கூட்டம் குறையவில்லை. தென்னையிலிருந்து விழுந்தவர்கள், சர்க்கரை நோயில் காலை எடுத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாலை விபத்தில் முதுகு முறிந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல வருஷம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அதில் பெரும்பங்கு இரு சக்கர வண்டி. இரண்டு சக்கரத்தில் விழுந்தவர்தான் நாலு சக்கரம் கேட்டு வருகிறார்.

புது வாடிக்கையாளரின் உடம்பு வேறு மாதிரி. இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பினாலும் உணர்வு இருக்கும். சுட்டால் தெரியும். தண்டுவடம் முறிந்தவருக்குத் தெரியாது. சைலன்சரில் கால் ஒட்டிக்கொண்டே பத்துக் கிலோமீட்டர் போய், வீட்டில் பேன்ட்டைக் கழற்றும்போதுதான் வெந்துபோனது கண்ணில் படும். சீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும், புண் ஆழமானால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். உணர்வற்ற தோலை எப்படிக் காப்பது என்பது இந்த வட்டாரம் முன்பே படித்த பாடம். தொழுநோயில் மரத்துப்போன பாதங்களுக்காகப் பால் பிராண்டும் கரிகிரி மருத்துவமனையும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைப் பரப்பினார்கள். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பகிர்ந்துவிடுவதுதான் அதன் சூத்திரம். ஸ்கூட்டர் சீட்டுக்கும் அதே சூத்திரம் வேண்டும். சைலன்சருக்கு ஒரு தகடு மறைப்பு, காலைக் கட்ட ஒரு பெல்ட், சீட்டில் நல்ல குஷன். ஷூவுக்கு மெத்தை வைத்துத் தைக்கத் தெரிந்த கைகள் இத்தனை இருக்கிற ஆம்பூரில் இந்த சீட்டுகள் மட்டும் ஏன் இன்னும் மெல்லிய ரெக்சினில் இருக்கின்றன என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

பிரேக் கொஞ்சம் தேறியிருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் அமைப்பு கட்டாயமானது. எடை கூடிய, பக்கச் சக்கரங்களில் பிரேக்கே இல்லாத வண்டிக்கு அது பெரிய உதவி. அதுவும் இவரை நினைத்து வந்ததல்ல.

ஸ்கூட்டருக்கு ஆயுள் பத்துப் பதினைந்து வருஷம். பக்கச் சக்கரத்துக்கு அதைவிட அதிகம். எஞ்சின் போனதும் போல்ட்டைக் கழற்றி, பேரிங் மாற்றி, அடுத்த ஸ்கூட்டரில் பொருத்திவிடுவார்கள். ஓட்டியவர் காலமானால் வீட்டார் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்கூட்டரை மட்டும் விற்பதும் உண்டு. அது மறுபடியும் சாதாரண இரு சக்கர வண்டியாகி வேறு யாரையாவது சுமக்கும். கழற்றிய ஜோடி பட்டறையின் மூலையில் அடுத்த ஆளுக்காகக் கிடக்கும். வெல்டு வைத்ததை இப்படிக் கழற்ற முடியாது. போல்ட் வைத்த பட்டறையைத் தேடிப் போகச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

இப்போது இந்த ஊர்கள் வழியே போகும் நெடுஞ்சாலையே மின்சார வண்டிப் பட்டையாகிக்கொண்டிருக்கிறது. ராணிப்பேட்டையில் 2021இல் கிரீவ்ஸ் நிறுவனம் ஆம்பியர் ஸ்கூட்டர்களுக்கான ஆலையைத் திறந்தது. (பிரிட்டனின் பெர்ட் கிரீவ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் வேறு கம்பெனிகள். இந்த வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் இருக்கிறது. பெரிய வண்டியை நெருக்கடியான பார்க்கிங்கில் நகர்த்த வசதியாக இருக்கும் என்று கொடுத்தது. முன்னால் பைக் நிறுத்திவிட்டுப் போனவருக்காகக் காத்திருந்த நம் ஆளுக்கு அது எப்படிப்பட்ட பொத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. தரைப்பலகைக்கு அடியில் பேட்டரி இருக்கிற மாடல்களில் எடையின் மையம் கீழே இறங்கும், திருப்பத்தில் கவிழ்வதும் குறையும். இன்னொரு பக்கம், சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசனின் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து நியோமோஷன் நிறுவனம் 2021இல் நியோபோல்ட்டைக் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மின்சாரச் சக்கரம் ஒன்றை மாட்டினால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நாற்காலியே சாலை வண்டியாகிவிடும். இது மட்டும் முதல் கோட்டிலிருந்தே இவருக்காக வரைந்தது. ஆனால் பின்சீட் இல்லை.

மின்சார ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் பொருத்தப் பட்டறைக்காரர்கள் தயங்குகிறார்கள். பேட்டரியும் ஒயர்களும் ஓடுகிற சேஸிஸில் வெல்டிங் ராடைக் கொண்டுபோக முடியாது. ஓட்டை போட்டாலும் எதில் போய்க் குத்தும் என்று தெரியாது. கிளாம்ப் போட வெறும் பைப் அதிகம் வெளியே தெரிவதில்லை. ஆலையிலேயே பின்சேஸிஸில் மரை போட்ட நாலு துளையும், இவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு தாளும் கொடுத்துவிட்டால் மிச்சத்தைப் பட்டறை பார்த்துக்கொள்ளும், இதுவரை பார்த்துக்கொண்ட மாதிரி. ராணிப்பேட்டைக்கும் ஓசூருக்கும் அந்த நாலு துளைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை ஆலைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.